இரண்டு அங்குலம் குறைத்து எழுதியவன்

1

போன வாரம் டிரைவிங் லைசன்ஸைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். கலிபோர்னியாவுக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஃப்ரெஸ்னோ ஊரில் எத்தனையோ மாறியிருக்கிறது, அந்த ஆபீஸின் வரிசை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடையில் நின்று வளர்ந்த நமக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? அங்கே நிற்க வேண்டும், இங்கே உட்காரலாம். நான் கண்ட முன்னேற்றம் அவ்வளவுதான்.

கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பெயர், முகவரி, கண்ணின் நிறம், முடியின் நிறம். முடிக்குக் கறுப்பு என்று எழுதிவிட்டு, மிச்சமிருப்பதும் வெளுத்துப் போனது நினைவுக்கு வந்து அடித்துத் திருத்தினேன். அடுத்தது உயரம், அதற்கடுத்தது எடை. யோசிக்காமல் ஒரு எண்ணைப் போட்டேன்.

கவுண்டரில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "எல்லோரும் பத்து பவுண்டு குறைத்துத்தான் எழுதுகிறார்கள். பயப்படாதீர்கள், இங்கே தராசு கிடையாது" என்று சொல்லி முத்திரை குத்தினார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

காரில் வந்து உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பக் கை வரவில்லை. இதற்கு முன்னால் ஒருமுறை நான் இதே போல ஒரு எண்ணைக் குறைத்து எழுதியிருக்கிறேன். அது என் எண் அல்ல, என் மகளுடையது. அது நடந்து மூன்று வருஷமாகிறது. எனக்கு மட்டுமே தெரிந்த சங்கதி என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

இந்தப் பத்தியைப் புதிதாக வாசிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. அவிநாசிக்குப் பக்கத்தில் பிறந்து, கோயமுத்தூரில் எஞ்சினியரிங் படித்து, மேல்படிப்புக்கென்று விமானம் ஏறியவன். தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புகளை வரைவதுதான் தொழில். கோயமுத்தூர்க்காரனுக்கு வேறென்ன தெரியும்? இந்தப் பள்ளத்தாக்கிலும் பருத்தி, திராட்சை, ஆழ்குழாய்க் கிணறு. அதனால் ஊரை விட்டு வந்த மாதிரியே முதலில் தெரியவில்லை.

மனைவி எலேனா. அவள் அப்பா அம்மா மெக்சிகோவிலிருந்து திராட்சை பறிக்க வந்தவர்கள். எலேனா பிறந்தது இங்கே. நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது என் வீட்டில் இரண்டு வருஷம் பேச்சில்லை. பிறகு மகள் பிறந்தாள். அவள் அம்மா வழியில் மரியா என்று பெயர் வைத்தோம். போட்டோவை அனுப்பியதும் ஊரில் அவளை மாரியாத்தா என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதோடு பேச்சும் திரும்பி வந்தது.

ஒரே பிள்ளை. ஆனால் எலேனாவின் குடும்பம் பெரியது. நான்கு தங்கைகள், அவர்களுடைய பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை என்றால் வீடு கொள்ளாது. மரியாதான் மூத்தவள். மூத்த பெண் எல்லோருக்கும் சமைக்க வேண்டும், சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கல்யாணம் ஆகும்வரை அம்மா வீட்டை விட்டுப் போகக் கூடாது. நம் ஊர்ச் சட்டம்தான், மொழி மட்டும் ஸ்பானிஷ்.

அவள் உடம்பு வாகு அம்மாவைப் போல. அகன்ற தோள், உருண்ட கை. சித்திமார் அவளை 'கொர்தீத்தா' என்று கூப்பிடுவார்கள். குண்டுக்குட்டி என்று நாம் கொஞ்சுவோமே, அது. தட்டில் நாலாவது ரொட்டியை வைக்கிற கையே இடுப்பைக் கிள்ளியும் பார்க்கும். அவர்களுக்குப் பெண் பிள்ளைகளின் பதினைந்தாவது வயதுதான் பெரிய விசேஷம், நம் பூப்பு நன்னீராட்டு மாதிரி. அதற்கு வெள்ளைக் கவுன் தைத்தார்கள். கவுனுக்குள் நுழைவதற்காக என் மகள் ஆறு மாதம் ஆப்பிளும் தண்ணீருமாக இருந்தாள். விசேஷத்தன்று மேடையில் என்னோடு ஆட வேண்டிய நேரத்தில் மயங்கி என் தோளில் சாய்ந்தாள். அழுகிறாள் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த வீட்டில் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதவன் நான் ஒருவன்தான். அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

மரியா காலேஜில் சேரும்போது படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம். ஹிஸ்பானிக்கா, ஆசியரா? ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வருஷம் அம்மா கட்டத்தில் டிக் போட்டாள், அடுத்த வருஷம் என் கட்டத்தில். ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது, "தாங்கள் யார் என்பதை உறுதி செய்யவும்" என்று. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துச் சிரித்தோம். யாராக இருந்தாலும் நிலத்தடி நீரைத்தான் படிப்பேன் என்றாள். அப்பா வரைகிற பம்புகள் உறிஞ்சுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது அவள் கேள்வி. படிப்பை முடிக்கும் தறுவாயில் ஒரு திட்டம் சொன்னாள். கோயமுத்தூரில் ஒரு வருஷம் தங்கி, அவிநாசிப் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆராய வேண்டும். அங்கே ஒரு பேராசிரியர் வழிகாட்ட ஒப்புக்கொண்டு கடிதமும் போட்டுவிட்டார்.

எலேனாவின் தங்கைகள் கொதித்துப் போனார்கள். வயதுப் பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று. மரியா அசையவில்லை. "அதுவும் என் வீடுதான்" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நான் இருபது வருஷமாகக் காத்திருந்தேன்.

3

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து நங்கை ஃபோன் செய்தார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். செந்தில் அவர்கள் மகன்.

"ஏனுங் தம்பி, செந்திலுக்குக் கல்யாணம் வெச்சாச்சுங்க. அவனுக்குக் கூடப்பொறந்த பொண்ணு இல்லீங்களே. இணைச்சீருக்கு நம்ம மரியாவத்தான் நிறுத்தோணும்னு உங்கண்ணன் ஒத்தக்கால்ல நிக்கறாருங்க."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குத் தாலி கட்டும் உரிமை கிடைப்பதற்கு முன்னால் இந்த இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையின் சகோதரி பட்டுடுத்தி, நகை போட்டு, மணப்பெண்ணைப் போலவே அலங்கரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பாள். மணப்பெண்ணுக்கான கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். உனக்கு மனைவி வந்தாலும் எனக்கும் உன் வீட்டில் இடமுண்டு என்பது அதற்குப் பொருள். சொந்தத் தங்கை இல்லாவிட்டால் சித்தப்பா மகளோ பெரியம்மா மகளோ நிற்கலாம்.

இதை நான் மரியாவுக்கு விளக்கிச் சொன்னேன். "அப்படியானால் யாரும் என்னைக் கட்டத்தில் டிக் போடச் சொல்ல மாட்டார்கள்" என்றாள். மறுநாளே நூலகத்திலிருந்து சேலை கட்டும் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

நங்கை மறுபடி ஃபோன் செய்தார். "ஜாக்கெட் அளவு அனுப்பிச்சுப்போடுங்க தம்பி. அளவு ஜாக்கெட் இல்லீனா இஞ்சு டேப்புல அளந்து எழுதி, உங்கண்ணன் கம்பெனிக்கு ஃபேக்ஸ் பண்ணீருங்க. நம்ம டெய்லரு அத வெச்சே தெச்சுப்போடுவாருங்க."

எலேனா அளந்தாள். ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் வரிசையாகக் குறித்துக் கொடுத்தாள். கைச்சுற்று பதினாறு அங்குலம். மற்றவையும் அதற்கேற்றபடி. அதை ஆபீஸுக்குக் கொண்டுபோய், நல்ல தாளில் தமிழில் எடுத்தெழுத உட்கார்ந்தேன்.

அண்ணனுக்கு அவிநாசியில் பனியன் கம்பெனி. அந்த ஃபேக்ஸ் மெஷின் முன்அறையில், கணக்குப்பிள்ளையின் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்து டீ குடிப்பான். தாள் சுருண்டு வரும்போது கணக்குப்பிள்ளை கிழித்தெடுத்து வாசிப்பார். "அமெரிக்காக்காரரு பொண்ணோட அளவாமா" என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். வாழ்நாளெல்லாம் பனியன் சைஸ் பார்த்த கண்கள் அவை. எண்ணைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடும்.

என் பேனா பதினாறு என்று எழுதவில்லை, பதினாலு என்று எழுதியது. பேனா மேல் பழி போடுவானேன், நான்தான் எழுதினேன். மற்ற அளவுகளிலும் இரண்டிரண்டு அங்குலம் குறைத்தேன். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, தினமும் காலையில் ஓடுகிறாள், அதற்குள் குறைந்துவிடும் என்று எனக்கே ஒரு சமாதானம். வரைபடத்தில் நூலிழை அளவு பிசகினால் பம்பு தண்ணீர் எடுக்காது. என்னிடம் வேலை பார்க்கிறவன் ஒரு எண்ணை இப்படி மாற்றியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

4

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னதாகப் போய் இறங்கினோம். எலேனாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் மரியாவும்தான்.

முதல் நாள் காலையிலேயே அவளும் அண்ணனும் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். எடை கட்டிய டேப்பைப் போர்வெல் குழிக்குள் இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்ப்பாள். அண்ணன் அவளுக்குக் குடை பிடிப்பார். எண்ணூறு அடி போட்ட போரும் தண்ணீரில்லாமல் புகைகிறது என்று அவர் சொல்ல, அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். இவளுக்குத் தமிழ் அரைகுறை, அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. இருந்தும் மத்தியானம் வரை இரண்டு பேருக்கும் பேச்சு ஓயவில்லை.

வீட்டில் நங்கை, எங்கள் ஊர் இடியாப்பமான சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார். மரியாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. விருந்துக்கு வந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "நல்லா பூசுனாப்புல இருக்கறா" என்றார் ஒருவர். "இன்னும் கொஞ்சம் ஒடம்பக் கொறச்சான்னா மகாலச்சுமியாட்ட இருப்பா" என்றார் இன்னொருவர். மரியா என்னைப் பார்த்தாள். நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

"பரவாயில்லை அப்பா, மீதிப் பாதியை ஸ்பானிஷில் கேட்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம்தான் டெய்லரிடமிருந்து ஜாக்கெட் தயாராகிவிட்டதாகத் தகவல் வந்தது. செந்திலின் பெரியம்மா மகள் சுகந்தியும் மரியாவும் காரில் போய் வாங்கிவந்தார்கள். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இறங்கினார்கள், அல்லது சுகந்தி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ, நான் கவனிக்கவில்லை. நங்கையையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் நங்கை வெளியே வந்தார்.

"தம்பி, கை முட்டிக்கு மேல ஏறவே மாட்டேங்குதுங்க. முன்னால கொக்கி எட்டவே இல்லீங்க."

டெய்லரை வரவழைத்தார்கள். கழுத்தில் டேப்போடு வந்தார். ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள பிரிச்சு உடத் துணி இல்லீங்க. சேலையோட வந்த பட்டு அவ்வளவுதானுங்க. நானு ஃபேக்ஸ்ல இருந்தபடியேதான் வெட்டுனனுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. வேற பட்டுத்துணி எடுத்துக் குடுங்க, பொழுது உழுகறதுக்குள்ள புதுசு ஒண்ணு தெச்சுத் தந்தர்றனுங்க. எழுதுனதுல ஏதாச்சும் தப்பு உழுந்திருச்சுங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க, நானு அளவெடுத்துக்கறேன்."

வழி இருந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நேரமும் இருந்தது. அந்த மனிதர் எனக்குக் கதவையே திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

சுகந்தியின் அம்மா, அதாவது நங்கையின் அக்கா, குறுக்கே வந்தார். "தப்பெல்லாம் என்னத்துக்கு உழுகுது? வயசுப்புள்ளைக ரெண்டு மாசத்துல ஊதிப்போறதில்லையா? நாளைக்கி முகூர்த்தத்த வெச்சுக்கிட்டு இனி துணி எடுத்து, தெச்சு... எதுக்கு அலையோணும்? நம்ம சுகந்தி நிக்கட்டும். அவளுந் தங்கச்சி மொறைதானே?"

அண்ணனுக்கு மனசில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னிடம் நேராகவே கேட்டார்.

"ஏப்பா, நீதான எழுதியனுப்புன. அளவு சரிதானா?"

மரியா அறை வாசலில் நின்றாள். மேலே பழைய டி-சர்ட், கீழே சேலையைச் சுற்றியபடி. காதில் நங்கையின் ஜிமிக்கி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். கணக்குப்பிள்ளைகூட ஏதோ பத்திரிகைக் கட்டோடு வந்து நின்றிருந்தார். நான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

மரியாதான் நங்கையைப் பார்த்துப் பேசினாள், தன் உடைந்த தமிழில்.

"பெரியம்மா, நான்தான். இங்கே வந்து ரொம்ப சாப்பிட்டேன். சந்தகை."

எல்லோரும் சிரித்தார்கள். நங்கை அவள் கன்னத்தைத் தடவி, "எங் கண்ணு, நாந்தான் வெச்சுவெச்சு ஊட்டிப்போட்டேன்" என்றார். டெய்லர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது.

எனக்கு அப்போது வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

மறுநாள் காலையில் சுகந்தி பட்டுடுத்தி, கூறைச்சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு செந்தில் பக்கத்தில் நின்றாள். நன்றாகத்தான் இருந்தாள், அவள் மேல் ஒரு குறையும் இல்லை. மரியா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பாவாடையைப் போட்டுக்கொண்டு கேமராவோடு அலைந்தாள். அந்தப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. நாலு ரோல். ஒன்றில்கூட அவள் இல்லை, எல்லாவற்றையும் எடுத்தவள் அவள்தானே.

5

திரும்பி வந்த பிறகு கோயமுத்தூர்க் காகிதங்கள் வந்தன. பேராசிரியரின் கடிதம், விசாவுக்கான படிவம் மூன்று நகல், தடையில்லாச் சான்றுக்கு ஒன்று, தகப்பனார் பிறந்த ஊரை நிரூபிக்க ஒன்று. நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் பூர்த்தி செய்தேன். அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லையால் ஒட்டி வைத்தேன். ஒரு மாதம் அப்படியே இருந்தது. கேட்டால், "பார்க்கலாம் அப்பா" என்பாள். கடைசித் தேதி போயிற்று. ஒருநாள் அந்தக் காகிதங்கள் இருந்த இடத்தில் பீட்ஸா கடை விளம்பரம் இருந்தது.

பிறகு அவள் வடக்கே ஆரிகன் மாநிலத்தில் ஆற்றுத் தண்ணீரை அளக்கிற வேலையில் சேர்ந்து போய்விட்டாள். காரில் முழுதாக ஒரு நாள் பயணம். அம்மா வீட்டுப் பேச்சையும் கேட்கவில்லை, அப்பா ஊருக்கும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள். எலேனாவோடு சமையலறையில் பேசுவாள். என்னிடம் மரியாதையாக இருப்பாள். அந்த மரியாதைதான் என்னைக் கொல்லும்.

எலேனாவின் தங்கைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்கள் ஊருக்குப் போய் வந்ததிலிருந்துதான் பெண் இப்படி ஆகிவிட்டாள். அங்கே என்ன சொன்னார்கள் அவளை?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊர்க்காரர்கள் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. உடம்பைப் பற்றி ஏதேதோ பேசினார்கள்" என்றேன். அது பொய்யில்லை, பேசினார்கள்தான். பாதி உண்மையை எடுத்து முழுப் பொய்க்குப் போர்த்திவிடுவதில் நான் கெட்டிக்காரன்.

அதோடு விட்டேனா? இதே பக்கங்களில் ஒருமுறை எழுதவும் செய்தேன். நம்மூர்ப் பெண்கள் கண்ணாலேயே எடை போடுகிறார்கள், அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இங்கே வளரும் பிள்ளைகள் ஊரை விட்டு விலகிப் போகிறார்கள் என்று. பெயர் சொல்லவில்லை. பலரும் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். நங்கையும் ஒரு கடிதம் எழுதினார். அவர் கடிதம் எழுதுகிறவரே அல்ல. "தம்பி, நாங்க ஏதாச்சும் குழந்தை மனசு நோகும்படி பேசிவிட்டோமா? அப்படியிருந்தால் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்" என்று இரண்டே வரி. நான் பதில் போடவில்லை.

6

லைசன்ஸ் ஆபீஸிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். எலேனா வேலையிலிருந்து வர இன்னும் நேரமிருந்தது. மரியாவின் ஆபீஸ் நம்பரைப் போட்டேன். வேலை நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை. பதறிப்போய், "அம்மாவுக்கு என்ன?" என்றாள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, நான்தான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

சொன்னேன். எலேனா எழுதிக் கொடுத்த உறை, நான் எடுத்தெழுதிய தாள், பதினாறு பதினாலானது, அண்ணன் கேட்டபோது வாயடைத்து நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆபீஸில் யாரோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும் அப்பா" என்றாள்.

நாங்கள் பேசியது இங்கிலீஷில். என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"டெய்லர் அந்த ஃபேக்ஸ் தாளை ஜாக்கெட்டோடு குத்தித்தான் கொடுத்தார். காரிலேயே பார்த்தேன். தமிழ் வாசிக்க வராது, ஆனால் எண்கள் தெரியுமே. உங்கள் கையெழுத்தும் தெரியும். அம்மா அளந்தபோது நின்றுகொண்டிருந்தவள் நான்தானே."

"அப்படியென்றால் ஏன் நீ..."

"முதலில் கோபம்தான் வந்தது. எல்லோருக்கும் முன்னால் தாளைக் காட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் பெரியப்பா உங்களைக் கேட்டார். உங்கள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை பேருக்கு நடுவில் நீங்கள் அவ்வளவு சின்னவராகத் தெரிந்தீர்கள். என்னால் தாங்க முடியவில்லை. அதனால் நான்தான் சாப்பிட்டேன் என்று சொன்னேன்."

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் அப்படிச் சொன்னதும் நீங்கள் இல்லை என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். உடனே இல்லாவிட்டாலும் அப்புறமாவது. சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். மறுநாள் தாலி கட்டுகிறவரைக்கும் பார்த்தேன். என்னிடம் தனியாக வந்தாவது சொல்வீர்கள் என்று விமானத்தில்கூடக் காத்திருந்தேன். நீங்கள் தூங்கிவிட்டீர்கள்."

கோயமுத்தூருக்கு நீ போகாததும் இதனால்தானா என்று கேட்டேன். நானாக நினைத்துக்கொள்வதை விட அவள் வாயால் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அந்த ஊர்க்காரர்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை அப்பா. அவர்கள் பேசியதெல்லாம் நான் நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்டு வளர்ந்ததுதான். பேசுவார்கள், அப்புறம் சோறு போடுவார்கள். அங்கே ஒரு வருஷம் என்ன, ஐந்து வருஷம்கூட இருந்திருப்பேன். ஆனால் உங்கள் பெண்ணாகப் போய்த்தானே இருக்க வேண்டும்? அந்தப் பெண் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதி அனுப்பியதைப் பார்த்துவிட்டேன். அது நான் இல்லை."

அதோடு, "அம்மா அளப்பாள், சித்திகள் அளப்பார்கள். நீங்கள் ஒருத்தர்தான் அளக்காதவர் என்று நினைத்திருந்தேன்" என்றாள்.

நங்கைக்கு உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "அது உங்கள் விருப்பம்" என்றாள். பிறகு அம்மாவின் முதுகுவலியைப் பற்றி விசாரித்தாள். மீட்டிங் இருக்கிறது, வைக்கிறேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

அன்றிலிருந்து ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். ஏதோ ஆற்றுத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிற மாதிரி, யாருடைய குற்றமும் இல்லாத மாதிரி. என் பெண் விலகிப் போகவில்லை. முகூர்த்தம் வரைக்கும், விமானம் இறங்குகிற வரைக்கும் என் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தக் குறிப்பை அண்ணன் வீட்டில் வாசிப்பார்கள் என்று தெரியும். கம்பெனி முன்அறையிலும் வாசிப்பார்கள், வாசிக்கட்டும். டெய்லர் கைப்பிசகு ஏதும் செய்யவில்லை. உங்கள் பேச்சுக்குப் பயந்து யாரும் எங்கேயும் ஓடிவிடவும் இல்லை. அண்ணா, நீங்கள் அன்றைக்குக் கேட்டதற்கு மூன்று வருஷம் கழித்துப் பதில் சொல்கிறேன். அளவு தப்பு, நான்தான் மாற்றி எழுதினேன்.

நங்கை, உங்கள் கடிதத்துக்கும் இதுதான் பதில். நீங்கள் வைத்துவைத்து ஊட்டியதால் ஒன்றும் ஆகவில்லை. அந்த நாலு நாளில் குழந்தை அதிகமாக எதுவும் சாப்பிடவில்லை.